பாய்மரக் கப்பலில் பாரம் தூக்கிய கருவிகள்

ஆறாம் ஆண்டு மாணாக்கர்க்கு எளிய எந்திரங்களைப் பற்றிய பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் ஒரு கப்பியை வரைந்து, பிறகு இரண்டு, பிறகு நான்கு என்று வரைந்து, "கப்பிகள் பெருகப் பெருகப் பாரம் இலேசாகும்" என்று சொல்லி முடித்தேன். பின் வரிசையில் இருந்த ஒரு மாணவன் எழுந்து, "அப்படியானால் ஐயா, நூறு கப்பி போட்டால் ஒரு கப்பலையே நான் ஒருவனாகத் தூக்கிவிடலாமா?" என்று கேட்டான். வகுப்பு முழுவதும் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. விடை எனக்கு உடனே தெரியவில்லை என்பதே காரணம்.

ஆசிரியர் பயிற்சியில் நாங்கள் மனப்பாடம் செய்த சூத்திரத்தின்படி பார்த்தால் அவன் கேட்டதில் பிழையில்லை. ஆனால் கப்பியையும் கயிற்றையும் கொண்டே வாழ்நாளைக் கழித்த பாய்மரக் கப்பலோட்டிகள் நூறு கப்பி போடவில்லை. ஒரு கூட்டில் மூன்று சக்கரங்களுக்குமேல் வைப்பது அவர்களிடையே அரிதாகவே இருந்தது. சூத்திரம் அறியாததாலா? அன்று, சூத்திரம் சொல்லாத ஒன்றை அவர்கள் கைகள் அறிந்திருந்தன. அதைத் தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

முதலில், பாய்மரக் கப்பலில் தூக்கவேண்டிய பாரங்கள் எத்தன்மையன என்று பார்ப்போம். இங்கிலாந்தின் 'விக்டரி' என்னும் போர்க்கப்பலை எடுத்துக்கொள்வோம். அது 1765இல் சாத்தம் துறையில் நீரில் இறக்கப்பட்டு, 1805இல் டிரபால்கர் கடற்போரில் நெல்சனின் தலைமைக் கப்பலாக நின்று, இன்றும் போர்ட்ஸ்மவுத் நகரில் காட்சிப் பொருளாகப் பாதுகாக்கப்படுகிறது. அதன் நடுப் பாய்மரத்தின் உச்சி நீர்மட்டத்திலிருந்து சுமார் 62 மீட்டர் உயரம். அம்மரத்தில் பெரும்பாயைத் தாங்கும் குறுக்குமரம், அதாவது பருமல், சுமார் 31 மீட்டர் நீளம். நங்கூரங்களுள் பெரியவை 4 டன்னுக்கு மேற்பட்டவை. போரின்போது கப்பலில் இருந்தவர்கள் ஏறத்தாழ 820 பேர். நீராவி இல்லை, மின்சாரம் இல்லை. மரம், கயிறு, மனிதன் ஆகிய மூன்றைக்கொண்டே பருமல் மேலேறியது. பீரங்கி உள்ளே வந்தது. படகு கடலில் இறங்கியது. நங்கூரம் சேற்றை விட்டு எழுந்தது.

இவற்றுள் பெரும்பகுதி வேலையைச் செய்தது கப்பி. அது மிகப் பழைய கருவி. கிரேக்க நாட்டுப் புளூட்டார்க் எழுதிய வரலாறு ஒன்றில் ஆர்க்கிமிடீசைப் பற்றிய செய்தி ஒன்று வருகிறது. பலர் கூடிப் பெரும்பாடுபட்டுக் கரையேற்றிய மூன்று பாய்மரக் கப்பல் ஒன்றில் ஆட்களையும் சரக்கையும் ஏற்றி, தாம் எட்ட இருந்துகொண்டு, கப்பித் தொகுதியின் கயிற்றை அமைதியாக இழுத்தே அதை அவர் நகர்த்திக் காட்டினாராம். என் மாணவனின் கேள்விக்கு அவர் அன்றே 'ஆம்' என்று விடை கூறிவிட்டார்போலும்! அது மன்னன் முன் ஒருமுறை காட்டிய காட்சி. நாள்தோறும் பாரம் தூக்குகிறவனுக்கு அது போதாது. உரோமாபுரிக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், மூன்று சக்கரம் கொண்ட தொகுதியையும் ஐந்து சக்கரம் கொண்ட தொகுதியையும் விவரித்து, கப்பல்களில் சரக்கு ஏற்றவும் இறக்கவும் இவை பயன்படும் என்று குறித்திருக்கிறார். அவரும் நூறு கப்பிக்குப் போகவில்லை.

காரணத்தைக் கணக்கிலேயே காண்போம். மேலே ஒரு சக்கரத்தைக் கட்டி அதன்மேல் கயிற்றைப் போட்டு 600 கிலோ பாரத்தை இழுப்பதாக வைத்துக்கொள்வோம். இழுக்கும் திசைதான் மாறுகிறது, பாரம் குறைவதில்லை. நம் வீட்டுக் கிணற்றுக் கப்பி இவ்வகையே. பாரத்தோடு சேர்ந்து நகரும் கப்பியொன்றைக் கீழே பூட்டும்போதுதான் பாரம் பங்கிடப்படுகிறது. மேலே இரண்டு, கீழே இரண்டு எனச் சக்கரங்கள் இருந்தால், கீழ்க்கப்பியைத் தாங்கும் கயிற்றுப் புரிகள் நான்கு. ஒவ்வொன்றும் 150 கிலோவைத் தாங்கும். ஆகவே நாம் இழுக்கவேண்டியதும் 150 கிலோ. பாரம் ஒரு மீட்டர் உயர நாம் நான்கு மீட்டர் கயிற்றை இழுக்கிறோம். வலிமையில் பெற்றதை நீளத்தில் கொடுத்துவிடுகிறோம். பாடநூல் இத்தோடு நின்றுவிடும்.

கப்பலோட்டி நிற்பதில்லை. சக்கரம் இருசில் உராய்கிறது. கயிறு வளையும்போதும் நிமிரும்போதும் தன் புரிகளுக்குள்ளேயே உராய்கிறது. ஆகவே ஒவ்வொரு சக்கரத்துக்கும் பாரத்தின் பத்தில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்வது கடலோட்டிகளின் கைக்கணக்கு. அதன்படி நான்கு சக்கரத்துக்கு 600 கிலோவுடன் 240ஐக் கூட்டி நான்கால் வகுக்க, வருவது 210 கிலோ, 150 அன்று. ஆறு சக்கரமாயின் 160 கிலோ. எட்டாயின் 135. பத்தாயின் 120. நான்கிலிருந்து ஆறுக்குப் போகும்போது 50 கிலோ குறைந்தது. எட்டிலிருந்து பத்துக்குப் போகும்போது 15 கிலோதான் குறைகிறது. ஆனால் இழுக்கவேண்டிய கயிறோ மீட்டருக்குப் பத்து மீட்டர்! இன்னும் கூட்டிக்கொண்டே போனாலும் இழுப்பு 60 கிலோவுக்குக் கீழே ஒருபோதும் இறங்காது. கணக்குப் போட்டுப் பார்ப்பவர்க்கு இது விளங்கும். நூறு கப்பி போட்டால் 66 கிலோ. என் மாணவன் எடை முப்பது கிலோ இருக்கும். கயிற்றில் அவன் தொங்கினாலும் பாரம் அசையாது.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. மேலே இரண்டு சக்கரம், கீழே ஒரு சக்கரம் கொண்ட தொகுதியில் பாரத்தைத் தாங்குவன மூன்று புரிகள். அதையே தலைகீழாக்கி, இரட்டைச் சக்கரக் கப்பியைப் பாரத்தின் பக்கம் பூட்டினால் தாங்குவன நான்கு. கருவி ஒன்றே, கயிறும் ஒன்றே. பயன் மட்டும் வேறு. எந்தக் கப்பியிலிருந்து இழுகயிறு வெளிவருகிறதோ அந்தக் கப்பி நகரும்படி பூட்டுவது இலாபம் என்பது கப்பலில் சேர்ந்த சிறுவனுக்கும் தெரிந்த பாடம். நம் பாடநூற்படங்களில் இது ஏனோ இடம்பெறுவதில்லை.

உராய்வே பகையென்றால், கப்பி செய்யும் மரத்தில் அதிகக் கவனம் வேண்டுமன்றோ? கப்பியின் கூட்டை எல்ம் மரத்தில் செய்தார்கள். அது எளிதில் பிளக்காது. சக்கரத்தை 'லிக்னம் வைட்டே' என்னும் மரத்தில் கடைந்தார்கள். அது மேற்கிந்தியத் தீவுகளிலும் நடு அமெரிக்காவிலும் வளர்வது. நீரில் போட்டால் மூழ்கும் அளவுக்குக் கனமானது. தன்னுள்ளேயே பிசின் நெய் கொண்டதாகையால் எண்ணெய் இடாமலே வழுக்கும். நடுவில் வெண்கலப் பூண் பொருத்தப்பட்டது. 74 பீரங்கி கொண்ட ஒரு கப்பலுக்கு மட்டும் ஆயிரத்தையொட்டிய கப்பிகள் தேவைப்பட்டன. அவற்றைக் கையால் செய்து கட்டுப்படியாகாமல், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்ட்ஸ்மவுத் துறையில் எந்திரங்களை அமைத்தார்கள். மார்க் இசம்பார்ட் புருனெல் வகுக்க, ஹென்றி மாட்ஸ்லே செய்து கொடுத்த எந்திரங்கள் அவை. 1808ஆம் ஆண்டளவில் ஆண்டுக்கு 1,30,000 கப்பிகள் அங்கே உருவாயின. தேர்ந்த தச்சர் 110 பேர் செய்த வேலையைப் பயிற்சியில்லாத பத்துப் பேர் செய்தனர் என்பர். அந்தத் தச்சர்களின் நிலை பிறகு என்னாயிற்று என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. இன்னொரு வேடிக்கையும் உண்டு: அவ்வெந்திரங்களை ஓட்டியது நீராவி. பாய்மரக் கப்பலுக்கு எமனாக வரவிருந்ததே அதற்குக் கப்பியும் செய்து கொடுத்தது.

இனி நங்கூரத்துக்கு வருவோம். கப்பித் தொகுதிக்கு இயல்பான குறை ஒன்று உண்டு. இழுக்க இழுக்க இரு கப்பிகளும் நெருங்கி வந்து முட்டிக்கொள்ளும். அதற்குமேல் இழுக்க இடமில்லை. நங்கூர வடமோ நூறு மீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும். முடிவின்றி இழுத்துக்கொண்டேயிருக்க வேறு கருவி வேண்டும். அதுவே காப்ஸ்டன். செங்குத்தாக நட்டு வைத்துச் சுழற்றப்படுவதால் அதை நிலையுருளை என்று சொல்லிக்கொள்வோம். படுக்கையாகச் சுழலும் விண்ட்லாஸ் கிடையுருளை ஆகும்.

நிலையுருளை என்பது கப்பலின் தளத்தில் ஊன்றிய கனத்த மரத்தூண். பெரிய போர்க்கப்பல்களில் ஒரே தூணுக்கு இரு தளங்களில் இரண்டு தலைகள் இருந்தன. தலையைச் சுற்றிலும் துளைகள். அத்துளைகளில் நீண்ட தள்ளுகோல்களைச் செருகி, ஒவ்வொரு கோலுக்கும் பலர் மார்பைக் கொடுத்துத் தள்ளிச் சுற்றி வருவார்கள். முற்காலத்தில் தள்ளுகோல்கள் தூணை ஊடுருவி ஒன்றன்மேல் ஒன்றாக வெவ்வேறு உயரத்தில் இருந்தன. ஒருவன் நெஞ்சால் தள்ள, அடுத்தவன் குனிந்து தள்ள வேண்டியிருந்தது. முரசுபோன்ற அகன்ற தலை வந்த பிறகுதான் எல்லாக் கோலும் ஒரே மட்டத்தில் அமைந்தன.

இதன் கணக்கு எளிது. கோலைத் தள்ளும் இடம் நடுவிலிருந்து சராசரி 2 மீட்டர், உருளையின் ஆரம் 40 சென்டிமீட்டர் என்று கொண்டால் வலிமை ஐந்து மடங்காகும். நூறு பேர், ஆளுக்கு 20 கிலோ வீதம் தள்ளினால் கயிற்றில் 10 டன் இழுப்பு, உராய்வைக் கழிக்காமல். ஐந்து மடங்கு பெரிதன்று. ஐந்து புரிக் கப்பித் தொகுதியிலும் அது கிட்டும். ஆனால் நூறு பேர் ஒரே கயிற்றை ஒரே சிறு இடத்தில் இழுக்க வேறு வழியில்லை. அதிலும் நங்கூரத்தின் எடையை மட்டும் தூக்கினால் போதாது. முதலில் 3,500 டன் கப்பலையே காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் எதிராக நங்கூரத்தின் நேர்மேலே இழுத்து வரவேண்டும். பிறகு சேற்றில் புதைந்த நகத்தைப் பெயர்க்கவேண்டும். அந்தப் பெயர்ப்பே எடையைவிடக் கடினம்.

கயிறு உருளையில் கட்டப்படுவதில்லை என்பதையும் கவனிக்கவேண்டும். மூன்று சுற்றுச் சுற்றி, மறுமுனையை ஒருவர் கையில் இழுத்துப் பிடித்துக்கொள்வார், அவ்வளவே. நூறு பேர் தள்ளும் இழுப்பை அவர் ஒருவர் எப்படித் தாங்குகிறார்? இங்கே உராய்வு நண்பனாகிவிடுகிறது. மரத்தின்மேல் கயிறு ஒரு சுற்றுச் சுற்றினால் பிடி ஏறத்தாழ ஆறரை மடங்காகலாம். இரண்டாம் சுற்று அதை மீண்டும் ஆறரையால் பெருக்கும், மூன்றாம் சுற்றும் அவ்வாறே. மொத்தத்தில் 270 மடங்குக்கு மேல். ஆயிலர் என்னும் கணித மேதையின் பெயரால் இவ்விதி வழங்குகிறது. ஆயினும் ஆயிலர் பிறப்பதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே படகை முளையில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டியவர்கள் உண்டு. எந்த உராய்வு கப்பியிலே நம் உழைப்பைத் தின்றதோ அதே உராய்வு உருளையிலே நம் உழைப்பைக் காத்து நிற்கிறது.

பெரிய கப்பலின் நங்கூர வடமோ 60 சென்டிமீட்டர் சுற்றளவுள்ளது; உருளையில் சுற்ற வளையாது. ஆகவே மெல்லிய வடமொன்றை முடிவற்ற வளையமாகப் பிணைத்து உருளையில் ஓட்டினார்கள். நங்கூர வடத்தைச் சிறு கயிற்றுத் துண்டுகளால் அதனோடு சேர்த்துக் கட்டுவார்கள். இரண்டும் சேர்ந்தே நகரும். வடம் கீழ்த்தளத்துக்கு இறங்கும் இடம் வந்ததும் கட்டை அவிழ்ப்பார்கள். அவிழ்த்த துண்டை எடுத்துக்கொண்டு மறுபடி முன்பக்கம் ஓடுவது கப்பற் சிறுவர்களின் வேலை. கடற்சேறு வழியும் வடத்தின் அருகே, தாழ்ந்த தளத்தின் இருட்டில், நம் பள்ளிப் பிள்ளைகளின் வயதையொத்த சிறுவர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

நிலையுருளையில் நான் மிகவும் மதிப்பது அதன் தலையையோ கோலையோ அன்று. அடியில் இருக்கும் சிறு இரும்புக் கட்டைகளையே மதிக்கிறேன். உருளை முன்னோக்கிச் சுழலும்போது அவை பற்களின்மேல் டக், டக்கென்று ஏறி விழும். பின்னோக்கித் திரும்பினால் பல்லில் முட்டி நிறுத்திவிடும். தடைக்கட்டை என்று இதனைக் கூறலாம். கப்பல் ஓர் அலையில் எகிறுகிறது, வடம் விறைக்கிறது, நூறு பேர் தள்ளுவதைவிடப் பெரிய இழுப்பு ஒரு கணத்தில் வந்துவிடுகிறது. தடைக்கட்டை பிடித்தால் எல்லாரும் மூச்சு விட்டுக்கொண்டு அடுத்த தணிவுக்குக் காத்திருக்கலாம். பிடிக்காவிட்டால் உருளை எதிர்த்திசையில் சுழலும். தள்ளுகோல்கள் விசிறிபோல் சுழன்று ஆட்களை அடித்து வீழ்த்தும். கைகால் முறிந்தோரும் உயிரிழந்தோரும் பலர். தூக்குவது பாதி வேலை. தூக்கியதை நழுவாமல் பிடித்திருப்பது மறுபாதி. நம் பாடநூலில் முதற்பாதி மட்டுமே இருக்கிறது.

கப்பல் கட்டும் துறையில் வேறொரு தொல்லை. அங்கே பாரத்தைக் கட்டித் தூக்குவதற்கு மேலே கொம்பு ஏது? பாய்மரத்தை நடவேண்டும், அதைத் தூக்க அதனினும் உயரமான ஒன்று வேண்டும். இரண்டு நீண்ட மரங்களைக் கத்தரிக்கோலின் கால்களைப்போல் அகட்டி நிறுத்தி, தலையில் கயிற்றால் இறுகப் பிணைத்து, முன்னும் பின்னும் இழுகயிறு கட்டி நிற்கச் செய்வார்கள். பிணைப்பிலிருந்து கப்பித் தொகுதி தொங்கும். ஒற்றை மரம் எப்பக்கமும் சாயும். இரட்டைக் கால் முன்னும் பின்னும் மட்டுமே சாயும். அச்சாய்வையும் இழுகயிற்றால் வேண்டிய அளவுக்குக் கூட்டிக் குறைத்து, பாய்மரத்தைக் கப்பலின் நடுத்துளைக்கு நேராகக் கொண்டுவந்து இறக்கிவிடலாம். பழைய கப்பலொன்றின் உடலில் இத்தகைய கத்தரிக்கால்களை நிலையாக அமைத்து, பாய்மரம் நடுவதற்கென்றே துறைமுகத்தில் மிதக்க விட்டிருந்ததும் உண்டு. துறைமுகம் எட்டாத தொலைவில் புயல் பாய்மரத்தை முறித்துவிட்டால், கப்பலிலுள்ள உதிரி மரங்களைக்கொண்டு மாலுமிகளே கத்தரிக்கால் அமைத்தார்கள். சிறு மரத்தால் பெரு மரத்தை எழுப்பி, பெரு மரத்தால் பாய்மரத்தை எழுப்புவார்கள்.

துறைமுகக் கரைகளில் மிதிசக்கரப் பாரந்தூக்கிகள் இருந்தன. போலந்தின் கடான்ஸ்க் நகரில் ஆற்றங்கரையில் நிற்கும் பெரிய பாரந்தூக்கி 15ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. 1945இல் போரில் எரிந்து, பின்னர் மீண்டும் அமைக்கப்பட்டது. அதனுள்ளே ஆளைவிடப் பன்மடங்கு உயரமான மரச்சக்கரங்கள்; அவற்றுக்குள் ஆட்கள் நடக்க, சக்கரம் சுழன்று, அதன் இருசில் கயிறு சுற்றிக்கொள்ளும். சரக்கு ஏற்றவும் பாய்மரம் நடவும் அது பயன்பட்டது. இங்கிலாந்தின் ஹார்விச் நகரில் 1667இல் கடற்படைத் துறைக்கென அமைத்த மிதிசக்கரப் பாரந்தூக்கி இன்றும் இருக்கிறது. 16 அடி விட்டமுள்ள இரு சக்கரங்கள் கொண்ட அதற்கு முறையான தடை கிடையாது! சக்கரத்தின் பக்கத்தில் ஒரு கட்டையை முட்டுக்கொடுப்பதோடு சரி. மேலே பாரம் தொங்கும்போது உள்ளே நடப்பவர் ஒருவர் கால் வழுக்கினால், பாரம் கீழே விழ விழச் சக்கரம் பின்னோக்கிச் சுழன்று உள்ளிருப்போரைப் புரட்டியெடுத்துவிடும். கப்பலிலே தடைக்கட்டை போட்டவர்களுக்குக் கரையிலே அது ஏன் தோன்றவில்லை? தோன்றாமலிருக்க முடியாது. கப்பலில் உருளை பின்வாங்கினால் கப்பலுக்கே ஆபத்து. கரையிலோ ஆபத்து உள்ளே நடப்பவனுக்கு மட்டும். இது என் ஊகமே. பிறர் வேறு காரணம் கூறலாம்.

ஐரோப்பியக் கப்பல்களைப் பற்றியே பேசினேன் என்று அன்பர்கள் எண்ண வேண்டா. நம் பகுதித் துறைமுகங்களுக்கு வந்துபோன சீனத்து 'ஜங்க்' கப்பல்களின் பாய்கள் மூங்கிற் சட்டங்கள் பொருந்தியவை, கனமானவை. அவற்றை ஏற்றக் கிடையுருளையைப் பயன்படுத்தினர். ஆழமற்ற நீரில் சுக்கானையே உயர்த்திக்கொள்ளவும் உருளை உண்டு. கேரளத்தில் கோழிக்கோட்டை அடுத்த பேப்பூரில் 'உரு' என்னும் பெரிய மரக்கப்பல்களை நீரில் இறக்கும் கலாசிகள், மர உருளைகளையும் கப்பிகளையும் நிலையுருளையையும் கைக்கொண்டு, பாட்டின் தாளத்தோடு ஒருமித்து இழுத்தே அதைச் செய்து வந்திருக்கின்றனர். நூறு பேர் ஒரே கணத்தில் இழுப்பதற்குப் பாட்டும் ஒரு கருவிதான்.

வகுப்பில் செய்து காட்ட விரும்பும் ஆசிரியர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். இரண்டு துடைப்பக் கம்புகளை எடுத்து, வலுவான இரு மாணவரிடம் ஆளுக்கொன்றாகக் கொடுத்து, இரண்டு முழ இடைவெளியில் எதிரெதிரே நிற்கச் செய்யுங்கள். கயிற்றின் ஒரு முனையை ஒரு கம்பில் கட்டி, இரு கம்புகளையும் மாறி மாறி நான்கு முறை சுற்றி, மறுமுனையை வகுப்பிலேயே மெலிந்த பிள்ளையிடம் கொடுத்து இழுக்கச் சொல்லுங்கள். இருவரும் எவ்வளவு முரண்டினாலும் கம்புகள் நெருங்கி வரும். பிறகு பன்னிரண்டு முறை சுற்றி இழுக்கச் சொல்லுங்கள். கயிறு இறுகி நின்றுவிடும். என் மாணவனுக்கு இதைச் செய்து காட்டியபோது, அவன் தன் கேள்விக்குத் தானே விடை கூறிவிட்டான். கயிறு வழுவழுப்பான பருத்திக் கயிறாக இருக்கட்டும்; கம்புகளில் சிறிது மெழுகுவத்தி தேய்த்துக்கொள்வது நல்லது. தேங்காய்நார்க் கயிறு வேண்டா. முதல் முயற்சியிலேயே சிக்கிக்கொள்ளும், பிள்ளைகளின் கையையும் அறுத்துவிடும்.